வலக்குழல்

"கடையில் வாங்கியதா, கையால் அடைத்ததா?"
சேலம் கோர்ட்டுக்கு எதிரே, மாடியறையில்,
மின்விசிறியை நிறுத்திவிட்டுக் கேட்டார் வக்கீல் சம்பந்தம்.
காகிதங்கள் பறக்குமாம்.
மலையிலிருந்து இறங்கி வந்த எனக்கு வியர்த்தது.

கையால்தான் சார்.

"கடையில் வாங்கியதென்று சொல்லுங்கள் பிளாவியா.
கையால் என்றால்
உட்கார்ந்து யோசித்திருக்கிறாள் என்பார்கள்.
ஈயமணிக்கு ஒரு யோசனை என்று எண்ணிக் காட்டுவார்கள்."

யோசித்தேன்தான்.
நாகலூரில் ஆறு ஏக்கர் காப்பி,
சில்வர் ஓக்கில் ஏறிய மிளகு,
லைசென்ஸோடு என் பெயருக்கு வந்த இரட்டைக்குழல்.
பனி குடித்த ஒரு ஜனவரியில்
காட்டெருமை வேலியை மிதித்து நிற்க,
கடைத் தோட்டா 'டிக்' என்றது. அவ்வளவுதான்.
எருமை என்னைப் பார்த்தது. நான் எருமையைப் பார்த்தேன்.
அது தானாக மனசு மாறிப் போனது.
அதற்குப் பிறகு என் தோட்டாவை நானே அடைத்தேன்.
கோபமாக இருக்கிற நாளில் அடைப்பதில்லை.

ஸ்வெட்டரின் இடப்பையில் ஒன்று, வலப்பையில் ஒன்று.
மாதாகோயிலுக்கும் அப்படியே போயிருக்கிறேன், மறந்துபோய்.
முழங்காலிடும்போது விலாவில் இடித்து
தான் இருப்பதைச் சொல்லும்.

கனம் உள்ளங்கைக்குத் தெரியும்.
இடப்பையில் இருந்தது ஈயம்.
வலப்பையில் இருந்தது வெறும் சத்தம்.
ஈயத்தின் இடத்தில் பழைய காலண்டர் தாள்
திணித்திருந்தேன், ஆகஸ்ட் மாதம் என்று ஞாபகம்.
முதலில் வலது.
அது போதாதென்றால்தான் இடது.
யாரிடமும் சொன்னதில்லை.
சொன்னால் அப்புறம் வலதுக்கு என்ன மரியாதை?

பிப்ரவரி பத்தொன்பது.
சாய்த்திருந்த மூங்கில் ஏணி என்னுடையதல்ல.
உச்சியில் ஒரு டார்ச், வாயில் கவ்வியபடி.
"யார்றா அது" என்றேன்.
வெளிச்சம் என் முகத்துக்குத் திரும்பியது.
அதன் கீழே கையில் ஒரு வளைந்த கத்தி.
மிளகுக்கொடி அறுக்கிற கத்திதான்,
அந்த நேரத்தில் அது கத்தி மட்டும்.
வானத்தைப் பார்த்துச் சுட்டேன்.
இல்லை, கிளையைப் பார்த்து.
அந்தப் பனியில் இரண்டும் ஒன்று.

ஏணி நின்றது. ஆள் விழுந்தான்.

இடுப்பெலும்பு.
வெள்ளக்கடை மாரப்பன் மகன் தீர்த்தகிரி என்று
ஜீப்பில் ஏற்றும்போதுதான் தெரிந்தது.
இருபது கொண்டை ஊசியும் நானே ஓட்டினேன்.
பின்சீட்டில் அவன் இரண்டு கையாலும்
உடம்பைத் தடவித் தடவி
ஓட்டையைத் தேடிக்கொண்டு வந்தான்.
"எங்கக்கா பட்டுச்சு, எங்க பட்டுச்சு."
எங்கேயும் படலடா என்று
ஒவ்வொரு வளைவிலும் சொன்னேன்.
அடிவாரம் வரை அவன் நம்பவில்லை.

போலீசும்தான்.
இடக்குழலில் இருந்ததைப் பிரித்துப் பார்த்தார்கள். ஈயம்.
அப்படியானால் வலதிலும் ஈயம் என்று எழுதிக்கொண்டார்கள்.
மரத்தில் தேடினார்கள், கிடைக்கவில்லை.
இருட்டில் போன ஈயம் எங்கே கிடைக்கும் என்றார்கள்.

"வலதில் ஈயமே இல்லை சார்."
சம்பந்தம் பேனாவை மூடினார்.
"கடைத் தோட்டாவுக்குள் காலண்டர் தாள் இருக்காதே அம்மா."

அதேதான்.
கொல்ல நினைக்கவில்லை என்று காட்ட
கையால் அடைத்தேன் என்று சொல்லவேண்டும்.
சொன்னால்,
இடதை எதற்கு அடைத்தாய் என்பார்கள்.

"எழுதிக்கொள்ளுங்கள்" என்றேன். "கையால்."

மறுபடி மின்விசிறியைப் போட்டார்.
காகிதங்களை முழங்கையால் அழுத்திக்கொண்டார்.
"அவன் விழாமல், கத்தியோடு இறங்கி வந்திருந்தால்?"

வெயில் ஜன்னலில் நின்றது.
ஸ்வெட்டரை மலையிலேயே விட்டு வந்திருந்தேன்.
என் இடது கை
இல்லாத பையை
தடவித் தடவித் தேடிக்கொண்டிருந்தது.